மை வைத்த மீன்

செங்கல்பட்டு,
8 ஜூன் 2025

அன்புள்ள மருமகள் ஷாரோனுக்கும், இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்பே பிரித்துப் படிக்கும் மரியாதைக்குரிய சிஸ்டர் ஜெபா அவர்களுக்கும்,

முப்பத்தொரு வருடம் படாளம் ரயில்வே கேட்டை ஆண்டு ஓய்ந்த சக்கரவர்த்தி ஆபிரகாம் எழுதுவது. இவ்விடம் நானும் என் அக்கா பொன்னியும், அதாவது உன் அம்மாவும், நலம். அவ்விடம் உன் நலமும் மடத்தில் உள்ளவர்கள் நலமும் அறிய ஆவல். சிஸ்டருக்கு முழங்கால் வலி இருந்தால் தெரிவிக்கவும். தைலம் அனுப்புகிறேன்.

நீ கன்னியர் மடத்துக்கு பஸ் ஏறிப் பதினெட்டு நாள் ஆகிறது. உன் அம்மாவையும் உன் மீன்தொட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை இந்த வீட்டில் குடியேற்றிவிட்டுப் போனாய். அக்கா பிரச்சினை இல்லை. மீன்தான் பேஜாரு. ஒரு கலெக்டரும் இரண்டு மந்திரிகளும் நாற்பது கல்யாண ஊர்வலங்களும் என்னுடைய ஒற்றை இரும்புக் கம்பிக்கு முன்னால் நின்று வேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் இன்று இரண்டு ஆரஞ்சு மீனுக்குத் தண்ணீர் சுமக்கிறேன். சனிக்கிழமை மொபெட்டில் திருவிடந்தைக்குப் போய், இடுப்பளவு கடலில் இறங்கி இரண்டு கேன் மொண்டு வந்தேன். கடல் ஒரு சாண் உள்வாங்கிவிட்டதாக அங்கே பேச்சு.

குண்டம்மாவும் பொடியனும் சௌக்கியம். காலையில் உன் அம்மா தொட்டிக்கு முன்னால் நின்று தீனி போட்டுக்கொண்டே குண்டம்மாவிடம் ஊர்க்கதை பேசுகிறாள். பிறகு சுவரில் கை வைத்தபடி வீட்டை ஒரு சுற்று வருகிறாள், கோட்டையைப் பார்வையிடும் மகாராணி மாதிரி. வெங்காயம் உரிக்கும் உத்தியோகத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த பதவி உயர்வு.

உனக்கு இரண்டு வரி அவளே கீழே எழுதியிருக்கிறாள். எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போகிறது. நீ கொடைக்கானல் மலையில் இருப்பதால் ஏறுகிறது போலும்.

அன்பு மாமன்,
ஆபிரகாம்

(நல்லாருக்கேன். நீ சாப்புடு. ஜெபம் பண்ணு. அம்மா.)

*

கொடைக்கானல் மலை,
2 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். நான் நலம். அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? சிஸ்டர் ஜெபா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தைலம் வேண்டாம் என்றார். ஆனால் கடலின் ஒரு சாணுக்குச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

இங்கே எங்கள் கையில் போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம். டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு வெள்ளை உடை தருவார்கள். அதற்கு முன் என்றைக்கு வேண்டுமானாலும் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எட்டாம் தேதிக்குப் பிறகு ஒரு வருடம் வீடு கிடையாது. பெற்றவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் பதினைந்து நாள்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன், உங்களுக்காகத்தான். அதில் அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். நான் இங்கே இருப்பதா வருவதா என்பதே அவள் பதிலைப் பொறுத்தது. அவளே படிக்கட்டும். என்ன சொல்கிறாளோ அதை மட்டும் எழுதுங்கள். மேலும் கீழும் தோரணம் கட்ட வேண்டாம்.

தண்ணீர் எடுக்கக் கழிமுகம் பக்கம் போகாதீர்கள். மழை பெய்தால் அங்கே உப்பு செத்துவிடும். உப்பு மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். இரண்டு மீனையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? இதைக் கேட்பது இங்கே கொஞ்சம் வெட்கம்தான்.

அன்புடன்,
ஷாரோன்

*

செங்கல்பட்டு,
24 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கும், சிரிக்கத் தெரிந்த சிஸ்டர் ஜெபா அவர்களுக்கும்,

நலம், நலமே விளைக. பதில் தாமதமானதற்குக் காரணம் ராஜாங்க அலுவல்கள். அவற்றை விவரித்தால் இந்திய அஞ்சல் துறை எடை தாங்காது.

முதலில் உன் கேள்வி. தாளை அக்காவிடம் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம். வெளியே வந்து, "எல்லாம் சரின்னு எழுதுடா" என்றாள். "இன்னா சரி" என்று கேட்டேன். "அவ கேட்டதுக்குத்தான். நீ எழுது" என்றாள். தோரணம் கட்டாமல் எழுதிவிட்டேன்.

அவள் இப்போது ஞானி ஆகிக்கொண்டு வருகிறாள். டிவியில் சீரியல் ஓடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்து காதால் மட்டும் கேட்கிறாள். அந்தப் பொம்பளைகள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். பைபிளை மடியில் மூடி வைத்துக்கொண்டே சங்கீதம் சொல்கிறாள். ரசத்தில் இரண்டு முறை உப்பு போட்டதில் நான் வங்காள விரிகுடாவையே குடித்து முடித்தேன்.

மீன்கள் அமோகம். குறிப்பாகக் குண்டம்மா. அவளுக்கு வயது குறைந்துவிட்டது. உடம்பு சிக்கென்று, நிறம் பளிச்சென்று, கல்யாணப்பெண் மாதிரி இருக்கிறாள். நான் கொண்டுவரும் தண்ணீரின் மகிமை. சந்தேகம் இருந்தால் போட்டோ இணைத்திருக்கிறேன், பார்.

அன்பு மாமன்,
ஆபிரகாம்

*

கொடைக்கானல் மலை,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். எனக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. அம்மாவின் "சரி" கிடைத்தது. நான் கேட்ட கேள்விக்கு அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன்.

மாமா, போட்டோவில் பொடியனுக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

கோபம் இல்லை. சொல்லுங்கள். அது குண்டம்மா இல்லை. குண்டம்மா பெர்குலா ஜாதி. இது ஒசெல்லாரிஸ் ஜாதி. இரண்டும் ஆரஞ்சு, இரண்டுக்கும் மூன்று வெள்ளைப் பட்டை. கடைக்காரர்களே மாற்றி விற்பார்கள். ஆனால் பெர்குலாவின் வெள்ளைப் பட்டையைச் சுற்றிக் கறுப்புக் கோடு தடிமனாக இருக்கும். ஒசெல்லாரிஸுக்கு நூல் மாதிரி, சிலதுக்கு அதுவும் இராது. பெர்குலாவின் கண் வளையம் தணல் நிறம், அதனால் கருவிழி சின்னதாகத் தெரியும். இதற்கு மங்கல் சாம்பல், கண்ணே பெரிதாகத் தெரிகிறது. முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணினால் பெர்குலாவுக்குப் பத்து, இதற்குப் பதினொன்று. சில சமயம் ஒன்று கூடும், குறையும். அதனால் முள்ளை மட்டும் நம்பக்கூடாது. நான் மீன் பண்ணையில் இரண்டு வருடம் இவற்றின் குஞ்சுகளைத் தரம் பிரித்தவள்.

நான் எதற்கு? அம்மாவைக் கேட்டிருக்கலாம். முதல்முதலாக இரண்டு ஜாதியையும் தனித்தனிப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், "இது மை வச்சினு வந்துகீது, அது மூஞ்சி கழுவினு வந்துகீது" என்றாள். மை வைத்ததுதான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். நீங்கள் மாற்றி விட்டதும் என்ன சொன்னாள்? அடி விழுந்ததா?

அன்புடன்,
ஷாரோன்

*

செங்கல்பட்டு,
28 செப்டம்பர் 2025

மாண்புமிகு நீதிபதி ஷாரோன் அவர்கள் சமூகத்துக்கு,

குற்றவாளி நலம். நீதிபதியின் சளி நலமா? சாட்சியாக அமர்ந்திருக்கும் சிஸ்டர் ஜெபாவுக்கு வணக்கம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் மூன்று நாள் விடாத மழை. திருவிடந்தை வரை போகச் சோம்பல்பட்டு மாமல்லபுரத்திலேயே நிறுத்திவிட்டேன். அலையும் பலமாக இருந்ததால் கழிமுகத்தில் மொண்டேன். மீட்டர் ஜூலையிலேயே என் கையால் உடைந்து பரணில் ஒளிந்திருந்தது. மறுநாள் காலை குண்டம்மா தொட்டியில் கிடக்கும் மண்சட்டிக்குள் ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள். பொடியன் அவளை மூக்கால் இடித்துக்கொண்டிருந்தான். அக்கா ஞாயிறு பூசைக்குப் போயிருந்தாள். நான் குண்டம்மாவைச் செம்பருத்திச் செடிக்கடியில் அடக்கம் பண்ணி, ராஜ மரியாதையாக ஒரு நிமிடம் நின்றேன்.

பிறகு மின்சார ரயில். சென்னையில் ஸ்டான்லி என்று ஒரு மீன் கடைக்காரன். நம்முடையதை விவரித்தேன். அவன் சொன்னான்: "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாத்த. ஆரஞ்சு, வெள்ள. பேரு சொல்லி கூப்ட்டா திரும்பிப் பாக்கவா போவுது?" அதுதான் எனக்கும் சரியென்று பட்டது. உன் கடிதம் வந்த பிறகு பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து முள்ளை எண்ணினேன். ஒருமுறை ஒன்பது, ஒருமுறை பதினான்கு. சராசரி பதினொன்றரை. நீ சொன்னது சரி.

இப்போது என் வாழ்வின் மகத்தான வெற்றியைக் கேள். பூசை முடிந்து கன்னியம்மா வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் இவளும் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கைகோத்துத்தான் நடக்கிறார்கள். நேரே தொட்டிக்கு வந்தாள். எனக்கு முதுகெல்லாம் வேர்வை. கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தாள். "குண்டம்மா இன்னிக்கு நல்லா கீறா" என்றாள். அவ்வளவுதான். அறுபத்திரண்டு வருடத்தில் பொன்னியை ஆபிரகாம் ஏமாற்றியது இதுவே முதல் தடவை. மாம்பழம் திருடியதற்கு மணலில் கால்தடத்தை அளந்து பிடித்தவள் அவள். இரண்டு மாதமாகத் தினமும் தீனி போடுகிறாள், துளி சந்தேகம் இல்லை. இந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும்.

உன் தாளைக் கொடுத்தேன். வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். "நல்லா எழுதிக்கீறா" என்றாள்.

தண்டனையை எதிர்நோக்கும் மாமன்,
ஆபிரகாம்

*

கொடைக்கானல் மலை,
12 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். நான் நலம். மாதம் ஒரு கடிதம் என்ற விதியைச் சிஸ்டர் ஜெபா எனக்காகத் தளர்த்தியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவரே என்னிடம் வந்து எழுதச் சொன்னார்.

மாமா, அம்மாவை நீங்கள் ஏமாற்றவில்லை. அவள் ஏமாறுகிறவள் இல்லை. படி அரிசியில் ஒரு கல்லை நின்ற இடத்திலிருந்து காட்டுவாள். மை வைத்த மீனையும் மை வைக்காத மீனையும் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை என்றால், அவளுக்குப் பார்வை இல்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். வேடிக்கையை எடுத்துவிட்டுப் படித்தேன். சுவரில் கை வைத்து நடக்கிறாள். வெங்காயம் உரிப்பதை உங்களிடம் விட்டுவிட்டாள். உப்பு போட்டது தெரியாமல் மறுபடி போடுகிறாள். டிவியைப் பார்ப்பதில்லை. பைபிளைத் திறப்பதில்லை. கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். எழுத்து கோட்டை விட்டு ஏறுகிறது. எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நேரடியாகக் கேட்காதீர்கள். கேட்டால் சமாளித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் பாருங்கள். பார்த்ததும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சர்க்கரைக்காரர்களின் கண் நாள் கணக்கில் போகும் என்று சிஸ்டர் சொல்கிறார். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்தத் திட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, எப்போதும்போல் ஒரு தாள் வைத்திருக்கிறேன்.

ஷாரோன்

*

கொடைக்கானல் மலை,
16 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? ஐந்து வாரம் ஆகிவிட்டது. அங்கே மழை அதிகம் என்று கேள்விப்பட்டேன். தபால் நின்றிருக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எட்டாம் தேதிக்கு உடை தைக்க அளவெடுத்துவிட்டார்கள். ஒரு வரி போதும். நீங்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரி ஒரு பொய்யாவது எழுதுங்கள்.

ஷாரோன்

*

செங்கல்பட்டு,
3 டிசம்பர் 2025

சிஸ்டர் ஜெபா அவர்களுக்கு,

இதை முதலில் நீங்கள்தான் படிப்பீர்கள். முன்பெல்லாம் விளையாட்டாக உங்கள் பெயரை எழுதினேன், மன்னிக்கவும். இதை அவளிடம் எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று நீங்களே பார்த்துச் செய்யுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

அன்பு ஷாரோன்,

நீ சொன்னது சரி.

எழுத உட்காரும்போதெல்லாம் என் வாக்கியம் பெரிதாகப் பெரிதாக வந்தது. நாலு கடிதம் கிழித்தேன். இதைச் சின்னதாக எழுதப் பார்க்கிறேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. தண்ணீர் மாற்றுவதற்காக இரண்டு மீனையும் வாளிக்கு மாற்றியிருந்தேன். தொட்டியில் தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உன் அம்மா வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடியை நகத்தால் தட்டினாள். விரலால் தொட்டியின் விளிம்பைத் தேடிப் பிடித்து, தீனியைக் கிள்ளிப் போட்டாள். "மெதுவா துன்னு குண்டம்மா. அவனுக்கும் கொஞ்சம் வுடு" என்றாள். வெறும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு, "யாரு, ஆபிரகாமா?" என்றாள். "எவ்ளோ நாளா அக்கா" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. தீனி டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, "இடது கண்ணு போன வருசமே போச்சுடா. சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல நெழலு தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ போயிருப்பாளா?"

மே மாதம் உன்னை பஸ் ஏற்றிவிட்டோமே, அதைச் சொன்னாள். "அவ எந்த ஜன்னல்ல குந்திகினுகீறான்னு தெரியல. எல்லா ஜன்னலுக்கும் கையாட்டுனேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன் ஷாரோன். ஏன் இப்படிக் கையை வீசுகிறாள் என்று கிண்டல் பண்ணினேன்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நாலு தடவை. சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்து விழித்திரை உரிந்துவிட்டதாம். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்தே நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு ஜனவரி பன்னிரண்டில் ஆபரேஷன். இருட்டு எது வெளிச்சம் எது என்று தெரிந்தால் பெரிய விஷயம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. அவள் பைபிளுக்குள் உன்னுடைய மூன்று தாளும் இருந்தன. மூன்றிலும் நீ அடித்த பின் அப்படியே இருக்கிறது. அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை மடியில் வைத்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் குட்டு வெளியாகிவிடும் என்று, என்ன எழுதியிருக்கிறாய் என்றே தெரியாமல் சரி என்றிருக்கிறாள். நான் பிரிக்கவில்லை. படித்துக் காட்டவா? நீதான் சொல்ல வேண்டும்.

மாமா

*

கொடைக்கானல் மலை,
12 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. எட்டாம் தேதி எனக்கு உடை கொடுத்துவிட்டார்கள். அம்மா சொன்ன "சரி"யை நம்பி வாங்கிக்கொண்டேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சிஸ்டர் ஜெபா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவளைத் திட்டாதீர்கள். உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். நான் அவளோடு அந்த வீட்டில்தான் மே மாதம் வரை இருந்தேன். போன வருடமே இடது கண் போனபோது நானும் அங்கேதான் இருந்தேன். மீனின் கண் வளையத்தைப் பார்த்துத் தரம் பிரித்தவள் நான்.

ஜூலைத் தாளில் கேட்டது இதுதான்: உள்ளே போகப் பயமாக இருக்கிறது அம்மா. நீ தனியாக இருப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நீ வா என்றால் வந்துவிடுகிறேன். சரி என்று மட்டும் சொன்னால் போ என்று எடுத்துக்கொள்கிறேன்.

படித்துக் காட்டுங்கள் மாமா. மூன்றையும், வரிசையாக. குரலை ஏற்றி இறக்காமல். அவள் என்ன சொன்னாலும் அதை எழுதுங்கள்.

பதினைந்து நாள் தருகிறார்கள். எப்போது வரட்டும் என்று கேளுங்கள். எட்டாம் தேதி எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்துவிடுங்கள்.

ஷாரோன்

*

செங்கல்பட்டு,
23 டிசம்பர் 2025

அன்பு ஷாரோனுக்கு,

நானும் அக்காவும் இருக்கிறோம். உனக்குக் குளிர் எப்படி இருக்கிறது? சிஸ்டருக்கு என் வணக்கம்.

முதலில் என் கணக்கை முடித்துக்கொள்கிறேன். அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், எட்டாம் தேதி தாண்டும் வரை உனக்குத் தெரியக்கூடாது என்று. அவசரத்துக்கென்று மடத்து ஆபீஸ் கொடுத்த போன் நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது. போன் பண்ணினால் அவளுக்குத் துரோகம், எழுதாமல் விட்டால் உனக்குத் துரோகம். அதனால் மூன்றாம் தேதி சாதாரணத் தபாலில் போட்டேன். அது ஏழு நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். ரயிலுக்கும் ரோட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்டைத் திறந்து வைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள் கூடச் செய்யாத வேலை.

சனிக்கிழமை மத்தியானம் படித்துக் காட்டினேன். பின்னை எடுக்கும்போது அவள் வாங்கித் தாளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஜூலைத் தாள் முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். "சரின்னா போன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கண்ணு தெரிஞ்சிருந்தா, படிச்ச கையோட வான்னு சொல்லியிருப்பேன்டா" என்றாள். அப்புறம், "நல்லவேள" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். இதை உனக்கு எழுதக்கூடாது என்றாள். நீ எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

எப்போது வருவது என்று கேட்டேன். ஆபரேஷன் அன்று வேண்டாமாம். "கட்டு அவுக்குற அன்னிக்கு வரச்சொல்லு. மொதல்ல அவதான் எதுர்ல நிக்கணும்" என்றாள். ஜனவரி பதினைந்து காலை. டாக்டர் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீ வந்து சொல்கிறாயா, சொல்லாமல் எதிரில் நிற்கிறாயா, அது உன் விருப்பம்.

போட்டோவைக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு, "எப்டி கீறா? சொல்லு. உன் வாயிக்கு இப்பதான் வேல" என்றாள். மொபெட்டை யானை என்று சொல்லி ஊரை நம்பவைத்தவன் நான். எனக்கு ஒன்றும் வரவில்லை. வெள்ளைப் புடவை, வெள்ளை முக்காடு என்றேன். கையில் மெழுகுவத்தி. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். சிரிக்கிறாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான் அக்கா."

தினமும் காலையில் கேட்கிறாள். தினமும் இதையே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல். நேற்று நான் மெழுகுவத்தியை மறந்துவிட்டேன். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மாமா